கறுப்புக் கல்லுக்குள் இருக்கும் நிறங்கள்

ஒப்சிடியன் என்பது எரிமலை உண்டாக்கும் கண்ணாடி. சிலிக்கா நிறைந்த எரிமலைக் குழம்பு, பளிங்குகள் வளர்வதற்கு அவகாசமின்றி விரைவாகக் குளிர்ந்து இறுகும்போது அது உருவாகிறது. கட்டியாகப் பார்த்தால் தார் போலக் கறுப்பு. ஆனால் மெக்சிக்கோவின் ஹலிஸ்கோ மாநிலத்திலும், ஐக்கிய அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள கிளாஸ் பியூட்ஸ் குன்றுகளிலும் கிடைக்கும் சில கட்டிகளைச் சரியான திசையில் வெட்டினால் பச்சை, ஊதா, பொன், சிவப்பு என நிறங்கள் எழும்புகின்றன. திசை பிழைத்தால் அதே கட்டி கறுப்பாகவே இருந்துவிடும்.

பௌதிகவியல் பாடத்தில் ஒளியின் தலையீட்டைப் படித்தபோது சவர்க்காரக் குமிழியையும் நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தையும் உதாரணம் காட்டினார்கள். இரண்டும் கண் முன்னே கலைந்துவிடுபவை. கல்லுக்குள் நிலைத்து நிற்கும் அப்படியொரு படலம் உண்டு என்று அறிந்தபோதுதான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கலிபோர்னியா தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த சி மா, ஜோர்ஜ் ரொஸ்மன் ஆகியோர் தம் சகாக்களுடன் இந்த நிறங்களின் காரணத்தை ஆராய்ந்து 2001இலும் 2007இலும் வெளியிட்டார்கள். மெக்சிக்கோவின் வானவில் ஒப்சிடியனில், ஹெடன்பர்கைட் என்னும் கனிமத்தின் மிக நுண்ணிய கோல்கள் படை படையாக அமைந்துள்ளன. ஒரிகனின் ‘தீ ஒப்சிடியனில்’ இருப்பவை மகனடைற்று நுண்பளிங்குகள் கொண்ட மெல்லிய படைகள். அவற்றின் தடிப்பு ஏறக்குறைய 300 முதல் 700 நனோமீற்றர். தலைமுடியின் தடிப்பில் நூறில் ஒரு பங்களவுதான். படையின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் தெறிக்கும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தடிப்புக்கேற்ப ஒரு நிறத்தை வலுப்படுத்துகின்றன. ஆக, கல்லில் சாயம் ஏதும் இல்லை. இருப்பது இடைவெளிகளின் கணக்கு.

குழம்பு ஓடிய திசையிலேயே இப்படைகளும் இழுபட்டுக் கிடக்கும். வெட்டுபவரின் முதல் வேலை அத்திசையைக் கண்டுபிடிப்பது. கட்டியின் ஓரத்தில் ஒரு சில்லைத் தட்டியெடுத்து, அந்த முகத்தை நீரால் நனைத்து, ஒற்றை விளக்கின் கீழோ வெயிலிலோ மெல்லத் திருப்பிப் பார்க்கிறார்கள். ஏதோவொரு சாய்வில் நிறம் பளிச்சிடும். அந்தத் தளத்துக்குச் சமாந்தரமாக வைர வாளால் அறுத்தால் முகம் முழுவதும் நிறம் விரியும். சற்றே சாய்த்து அறுத்தால் பட்டி பட்டியாகத் தெரியும். செங்குத்தாக அறுத்தால் மெல்லிய கோடுகள்தான் மிஞ்சும், சிலவேளை அதுவும் இல்லை.

இனிக் கல்லின் மேற்புறத்தைக் குவிவாகத் தீட்டும்போது அழகான ஒன்று நிகழ்கிறது. படைகள் தட்டையானவை, கல்லின் முகமோ வளைந்தது. எனவே வளைவு ஒவ்வொரு படையையும் வெவ்வேறு உயரத்தில் வெட்டிச் செல்ல, நிறங்கள் வளையம் வளையமாக அமைகின்றன. புவியியல் பாடத்தில் ஒரு குன்றுக்கு நாம் வரையும் சமவுயரக் கோடுகளை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வடிவம்தான்.

நம் நாட்டில் ஒப்சிடியன் இல்லை. ஆயினும் திசை பார்த்து வெட்டும் கலை பேருவளைக்கும் இரத்தினபுரிக்கும் புதிதல்ல. மீட்டியாகொடைச் சந்திரகாந்தக் கல்லின் நீல ஒளி மேலெழுவதும், நட்சத்திர நீலக்கல்லின் ஆறு கதிர்கள் நடுவில் சந்திப்பதும் வெட்டுபவர் அடிப்பாகத்தை எந்தத் திசையில் வைக்கிறார் என்பதைப் பொறுத்தவை. இரத்தினத் தொழில் செய்யும் குடும்பங்களிலிருந்து வரும் தோழிகள் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

தீ ஒப்சிடியன்தான் எல்லாவற்றிலும் கடினம். அதில் வெட்டுபவர் தேடுவது சிலவேளை ஒரேயொரு படையைத்தான். அதற்கு மேலே கருங்கண்ணாடி தடிப்பாக இருந்தால் ஒளி உள்ளே போய்த் திரும்ப முடியாமல் நிறம் மங்கிக் கிடக்கும். தேய்க்கத் தேய்க்க நிறம் பிரகாசமாகும். அந்தப் பிரகாசமே ஆபத்து! இன்னும் ஒரு தேய்ப்பு, இன்னும் கொஞ்சம் ஒளி என்று போனால் படையே அறுந்து, அந்த இடம் மறுபடி கறுப்பாகிவிடும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட வழியில்லை. ஆகவே நுண்மையான வைரத்தூள் தட்டில், நீர் ஓட ஓட, சில விநாடிகளுக்கு ஒருமுறை நிறுத்திப் பார்த்துத்தான் முன்னேறுகிறார்கள். படை அலை அலையாக இருந்தால் கல்லின் முகமும் அதைப் பின்தொடர வேண்டும். இக்கற்கள் பெரும்பாலும் ஒழுங்கற்ற வடிவில் வருவது அதனால்தான். அச்சில் வார்த்தது போன்ற முட்டை வடிவங்களைவிட எனக்கு இவையே பிடித்திருக்கின்றன. படை எங்கே வளைந்தது என்பதைக் கல்லே காட்டிவிடுகிறது.

மினுக்குவதற்குச் சீரியம் ஒட்சைட்டைக் குழைத்துக் கம்பளித் தட்டில் பயன்படுத்துவார்கள். இங்கே எதிரி சூடு. கண்ணாடி ஆகையால் திடீர்ச் சூட்டில் வெடித்துவிடும், கூரான ஓரங்கள் உதிரும். ஓரங்களை முன்கூட்டியே சற்று மழுக்கிக்கொள்வது வழக்கம். சில்லுகள் சவரக் கத்திபோல் வெட்டுவதால் கண்காப்புக் கண்ணாடி அவசியம். தூசி நெஞ்சுக்குள் போகாதிருக்கவும் நீர் நிற்காமல் ஓட வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு தகவல். ஒப்சிடியனின் கடினம் மோ அளவுகோலில் 5 முதல் 5.5 வரை. நீலக்கல்லுக்கு அது 9. அதனால் மோதிரத்தைவிடப் பதக்கமாக அணிவதே இதற்குப் பொருந்தும். வாங்கும்போது கடையின் குழல் விளக்கில் பார்த்துவிட்டு வெறும் கறுப்புக் கல் என்று வைத்துவிடாதீர்கள். வாசலுக்குக் கொண்டுபோய், வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி நின்று, கல்லை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.