தட்டித் திருகும் எந்திரம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

நாமக்கல் வட்டாரத்தில் கோழிப் பண்ணைக் கொட்டகை இல்லாத ஊரைக் காண்பது அரிது. அக்கொட்டகைகளுக்குத் தகரக் கூரை போடும் வேலையில் இப்போது ஒரு சிறு எந்திரம் புகுந்திருக்கிறது. கைத்துப்பாக்கி போன்ற உருவம். அடியில் ஒரு பேட்டரி. மூக்கில் திருகின் தலையைக் கவ்வும் ஒரு சாக்கெட். சுவிட்சை அழுத்தினால் முதலில் 'விர்' என்று சுழலும். திருகு இறுகத் தொடங்கியதும் 'டகடக'வென்று அதிரும். இதன் பெயர் 'இம்பாக்ட் டிரைவர்'. எங்களூரில் 'பேட்டரி மிஷின்' என்றால் போதும், புரிந்துகொள்வார்கள்.

என் மாமா கூரை வேலை செய்பவர். விடுமுறை நாட்களில் நானும் அவருடன் செல்வதுண்டு. வகுப்பில் கரும்பலகையில் மட்டுமே கண்ட கோண உந்தமும் கணத்தாக்கும் கூரையின் மேல் வேலை செய்வதைக் கண்டபோது, நம் மலருக்கு இதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். அடித்துச் சுழலும் கருவி என்றதும் சுவரைத் துளைக்கும் ஹேமர் டிரில்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை அறியாதவர் நம் கல்லூரியில் இருக்க மாட்டார்கள். ஆழ்துளையின் அடியில், காற்றழுத்தத்தால் இயங்கும் சுத்தி பாறையை மேலிருந்து கீழாக இடிக்கிறது. ஹேமர் டிரில்லும் அதே இனம். துளையின் போக்கிலேயே நேராக இடிக்கும். நமது எந்திரமோ நேராக இடிப்பதில்லை. திருகு எந்தத் திசையில் திரும்ப வேண்டுமோ அந்தத் திசையில், பக்கவாட்டில், தட்டுகிறது. ஆகவே இதை வைத்துக்கொண்டு கான்கிரீட்டைத் துளைக்க முயல்வது வீண் வேலை.

உள்ளே நடப்பது இதுதான். மோட்டாரின் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாக ஒரு தண்டுக்கு வருகிறது. அத்தண்டின்மேல் கனமான இரும்பு வளையம் ஒன்று, பின்னால் ஒரு சுருள்வில்லுடன் அமர்ந்திருக்கிறது. இதற்குச் 'சுத்தி' என்று பெயர். அதற்கு முன்னால், சாக்கெட்டைத் தாங்கும் 'பட்டடை'. திருகு எளிதாகச் செல்லும்வரை இரண்டும் ஒன்றாகவே சுழலும். எதிர்ப்பு மிகும்போது பட்டடை நின்றுவிடும். தண்டு விடாமல் சுழல, சுத்தி வில்லை அழுத்திக்கொண்டு பின்வாங்கும். பட்டடையின் காதைத் தாண்டியதும் வில் அதை முன்னே தள்ளும். அரைச் சுற்றுச் சுழன்று வந்து அடுத்த காதில் மோதும். ஒரு சுற்றுக்கு இரண்டு அடிகள்.

ஒரு சிறு கணக்கு. சுழலும் பொருளின் கோண உந்தம் 0.1 நியூட்டன்-மீட்டர்-நொடி எனக் கொள்வோம். அதைப் பத்தில் ஒரு நொடியில் நிறுத்தினால் கிடைக்கும் சராசரித் திருப்பு விசை 1 நியூட்டன்-மீட்டர். ஆயிரத்தில் ஒரு நொடியில் நிறுத்தினால் 100 நியூட்டன்-மீட்டர்! உந்தம் ஒன்றுதான், நிற்கும் நேரம் மட்டுமே வேறு. ஒரு கையில் அடங்கும் 18 வோல்ட் எந்திரம் 150 நியூட்டன்-மீட்டருக்கு மேலும் திருப்பு விசை தருவதன் மர்மம் இதுவே.

அவ்வளவு விசை திருகின்மேல் பாய்ந்தும் மணிக்கட்டு முறுக்கப்படுவதில்லையே, நியூட்டனின் மூன்றாம் விதி என்னவாயிற்று என்று நண்பர் ஒருவர் கேட்டார். விதி எங்கும் போகவில்லை. அடி விழும் அந்தக் கணத்தில் திருகும் சுத்தியும்தான் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. கைக்கு வந்து சேர்வது, சுத்தியை மீண்டும் வேகப்படுத்த மோட்டார் எடுத்துக்கொள்ளும் சிறிய எதிர்விசை மட்டுமே. சாதாரண டிரில்லில் துளைமுனை சிக்கினால் முழு எதிர்விசையும் மணிக்கட்டில்தான் இறங்கும். இச்சிக்கல் விண்வெளியில் இன்னும் பெரிது. எடையற்ற நிலையில் மிதப்பவர் திருகைத் திருப்பினால், திருகுக்குப் பதிலாக அவரே திரும்பிவிடுவார். 1961-இல் கம்பியில்லா டிரில்லைக் கொண்டுவந்த பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், பின்னர் அமெரிக்காவின் ஜெமினி விண்வெளித் திட்டத்திற்காக, வீரரைச் சுழற்றாமல் திருகை மட்டும் சுழற்றும் கருவி ஒன்றை உருவாக்கிக் கொடுத்தது. நம் மாமன்மார் ஏணியின் உச்சியில் நின்று வேலை செய்யும்போதும் ஏறக்குறைய அதே வசதியைத்தான் பெறுகிறார்கள்.

ஆனால் இந்த வசதியிலேயே ஓர் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. கைத்திருப்புளியால் திருகும்போது எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கை சொல்லிவிடும். இங்கே கைக்கு எதுவும் தெரிவதில்லை. நிமிடத்திற்கு 3,000 அடிகள் என்று எந்திரத்தில் எழுதியிருந்தால் நொடிக்கு 50 அடிகள். 'போதும்' என்று கண் கண்டு, விரல் சுவிட்சை விடுவதற்குள் ஐந்தில் ஒரு நொடி கழிந்துவிடும். அதற்குள் பத்து அடிகள் கூடுதலாக விழுந்திருக்கும். பெரும்பாலான டிரில்களில் உள்ளதுபோல், குறித்த அளவு இறுகியதும் நழுவிவிடும் கிளட்ச் வளையமும் இதில் பொதுவாக இருப்பதில்லை.

இதன் விளைவைச் சென்ற ஐப்பசியில் நேரில் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஊர்ப் பண்ணை ஒன்றில், வேறொரு குழுவினர் போட்ட புதுக் கூரை முதல் மழைக்கே ஒழுகிற்று. முட்டைக் கோழிகளின் தீவனத் தொட்டியில் நீர் சொட்டியது. நனைந்த தீவனத்தில் பூஞ்சை பிடித்தால் அது கோழிக்கு நஞ்சு. பண்ணைக்காரர் அந்தக் குழுவுக்குத் தரவேண்டிய மீதிக் கூலியை நிறுத்திவிட்டு மாமாவை அழைத்தார். தகரத்தில் குறை இல்லை. மேலே ஏறிப் பார்த்தால், வரிசை வரிசையாகத் திருகுகளின் ரப்பர் வாஷர்கள் நசுங்கி, பிதுங்கி, வெடித்துக் கிடந்தன. சில இடங்களில் திருகின் தலை தகரத்தையே குழியாக்கி, அக்குழியில் நீர் தேங்கியிருந்தது. வேறு சில, மெல்லிய இரும்புக் குழாயில் மரையை அறுத்துக்கொண்டு சும்மா சுழன்றன. 5.5 மில்லிமீட்டர் திருகுகளைக் கழற்றிவிட்டு, அதே துளைகளில் 6.3 மில்லிமீட்டர் திருகுகளைப் புது வாஷருடன் போட வேண்டியதாயிற்று. மூன்று நாள் வேலை. அந்தத் தொழிலாளிகள் வேலை தெரியாதவர்கள் அல்லர். எந்திரத்தை வாங்கிக் கையில் கொடுத்தவர், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"மாப்ளே, கண்ணை நம்பாதே, காதை நம்பு. சத்தம் மாறுச்சுன்னா விரலை எடுத்துரு" என்பார் மாமா. இது சரியான இயற்பியல். 'விர்' என்ற ஒலி 'டக'வென்று மாறும் கணம்தான் சுத்தி பின்வாங்கத் தொடங்கும் கணம். தானே துளைத்துச் செல்லும் திருகை நட்டு, எந்திரத்தைத் தகரத்திற்குச் செங்குத்தாகப் பிடித்து, சுவிட்சைப் பாதி அழுத்தி, சீராகத் தள்ள வேண்டும். முழு வேகம் கொடுத்தால் நுனி கருகி, துளைக்காமல் நின்றுவிடும். நுனி இரும்பைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்து, தட்டல் தொடங்கியவுடன் நிறுத்திவிட்டு, தேவையானால் ஓரிரு தட்டல் மட்டும் கொடுக்கலாம். தலையின் விளிம்பில் ரப்பர் சற்றே எட்டிப் பார்த்தால் போதும். எந்திரத்தில் வேகப் படிகள் இருந்தால் கூரைக்கு மிகக் குறைந்த படியே சரி. இன்னும் நேர்மையாகச் சொன்னால், தகரக் கூரைக்கு இதைவிடப் பொருத்தமானது, ஆழம் பார்த்துத் தானே நிற்கும் மூக்குள்ள 'ஸ்க்ரூ கன்'. திருகு செய்பவர்களே அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் ஒரே எந்திரத்தில் எல்லா வேலையையும் முடிக்க நினைப்பதுதான் நம் வழக்கம்.

சாக்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கை ஸ்பேனருடன் வரும் பளபளப்பான குரோம் சாக்கெட்டை இதில் மாட்டுவோர் உண்டு. அது கடினமானது, ஆனால் தொடர் அடியைத் தாங்காமல் விரிசல் விட்டுச் சிதறும். தட்டலுக்கென்றே செய்யப்பட்ட கறுப்புச் சாக்கெட்டுகளும், முறுக்கத்தில் சற்றே வளைந்து கொடுக்கும் பிட்டுகளும் கிடைக்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல். கண்ணின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. தகரத் துகள் மேல்நோக்கியும் தெறிக்கும் என்பதால் கண்ணாடி கட்டாயம். சத்தம் 90 டெசிபலுக்கு மேல் போவதால் நாள் முழுதும் வேலை செய்பவருக்குக் காதடைப்பானும் வேண்டும். தோளில் தொங்கும் துண்டு, தளர்ந்த பருத்திக் கையுறை இரண்டும் சுழலும் முனையில் சிக்கக்கூடியவை. பிட் மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். திருகி முடித்த உடனே பிட்டைத் தொட்டால் சுடும். கூரையில் சிந்திய துகளை அன்றைக்கே பெருக்கித் தள்ளாவிட்டால், பனியில் அது துருப்பிடித்து, வண்ணத் தகரத்தில் கறையாக நிற்கும்.

பேட்டரி விஷயத்தில் கடைக்காரரின் சொல்லைவிட எண்கணிதம் உதவும். ஒரு லித்தியம் கலம் சராசரியாக 3.6 வோல்ட், ஐந்து கலம் தொடராக 18 வோல்ட். அதையே முழுதாக மின்னேற்றிய நிலையில் கணக்கிட்டு '20', '21' என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றே. மலிவு எந்திரங்களில் '48', '88' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு. திறந்து பார்த்தால் உள்ளே அதே ஐந்து கலங்களைக் காணலாம். நம் சேலத்துச் சித்திரை வெயிலில் தகரத்தின் மேல் பேட்டரியை வைக்கக் கூடாது. சூடான பேட்டரியை உடனே சார்ஜரில் போடாமல், நிழலில் ஆறவிட்டுப் போட்டால் பல மாதங்கள் கூடுதலாக உழைக்கும்.

நாமக்கல்லில் வேறொரு கேள்வியும் எழும்: இதைக் கொண்டு லாரிச் சக்கர நட்டைக் கழற்றலாமா? முடியாது. கனரக வண்டியின் சக்கர நட்டுக்கு 500 நியூட்டன்-மீட்டருக்கும் மேல் தேவை. அதற்குரிய காற்றுத் துப்பாக்கியும் கழற்றுவதற்கும் ஓட்டி வைப்பதற்கும்தான். கடைசி இறுக்கத்தை அளவுகாட்டும் டார்க் ரெஞ்சால்தான் முடிக்க வேண்டும். தட்டும் எந்திரம் எதுவாயினும், எவ்வளவு இறுக்கினோம் என்பதை அது நமக்குக் காட்டாது.

மாமாவிடம் மோட்டார் எரிந்துபோன பழைய எந்திரம் ஒன்று இருக்கிறது. அதைக் குறுக்கே வெட்டி வைத்தால், சுத்தி, வில், பட்டடை மூன்றையும் கையால் சுழற்றிப் பார்க்கலாம். நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இடம் தருவதாகப் பேராசிரியர்கள் சொன்னால், அடுத்த வாரமே கொண்டுவந்து கொடுக்கிறேன்.