ஆக்சிஜன் இல்லாத குளிர்காலம்

கேள்வி: ஆக்சிஜன் குறைவான சூழலில் நீண்டகாலம் இருக்கும் விலங்குகளின் உறுப்புகளில் நொதிகளின் வேலை மாறுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மாறும். ஆனால் எல்லா உறுப்பிலும் ஒரே மாதிரி அல்ல.

செல்களில் ஹெச்.ஐ.எஃப். என்றொரு புரதம் உண்டு. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் அது உடனுக்குடன் அழிக்கப்படும். குறைந்தால் தேங்கி, ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் நொதிகளைப் பெருக்கும். ஆக்சிஜன் அளவைச் செல்கள் உணரும் விதத்தைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

என்னை உண்மையிலேயே வியக்க வைப்பது ஐரோப்பாவின் குரூசியன் கார்ப் மீன். குளம் உறைந்து, நீரில் ஆக்சிஜன் தீர்ந்த பின்னும் அது மாதக்கணக்கில் உயிர் வாழ்கிறது! கல்லீரலில் சேர்த்துவைத்த கிளைகோஜன்தான் அதற்கு எரிபொருள். அப்படி எரிக்கும்போது உருவாகும் லாக்டிக் அமிலம் தேங்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே மூளை முதலான உறுப்புகள் அதை ரத்தத்தில் விட, தசைகள் எத்தனாலாக மாற்றுகின்றன. செவுள் வழியே அது வெளியேறிவிடுகிறது. எத்தனாலாக மாற்றும் வேலையில் பங்கேற்கும் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதி நமக்குக் கல்லீரலில்தான் மிகுதி; இம்மீனுக்கோ தசையில். அதன் ரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடும். இந்தியாவில் வாகன ஓட்டிகளுக்கான சட்ட வரம்பு 30 மில்லிகிராம்.