31 கன்றுகளை எத்தனை வரிசையில் வைக்கலாம்?

பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற மலேசிய ஊர், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா. இங்குள்ள தோட்டங்களில் செம்பனைக் கன்று அடுக்கிய கைகளுக்குப் பகா எண் புதிதல்ல. 30 கன்றுகளை 5 வரிசையாகவோ 6 வரிசையாகவோ சமமாக அடுக்கலாம். 31 கன்றுகளோ ஒரே நீள வரிசையில்தான் நிற்கும். இப்படிச் சம வரிசைகளாகப் பிரிக்க முடியாத 31 பகா எண். பகா எண்களைப் பற்றிப் பரவியுள்ள சில எண்ணங்களைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாத எண் பகா எண்.

உண்மை: 91 இப்படித்தான் ஏமாற்றுகிறது. வரிசைக்கு 13 கன்று வைத்தால் 7 வரிசையாக அது சரியாக அமையும். 7ஐயும் சேர்த்துச் சோதியுங்கள். 121க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் இந்த நான்கு வகுத்தல்களே போதும். ஏனெனில் இந்நான்காலும் வகுபடாத, ஆனால் பகா எண் அல்லாத எண்களில் மிகச் சிறியது, 11ஐ 11ஆல் பெருக்கி வரும் 121.

நம்பிக்கை: பகா எண்களில் மிகப் பெரியதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

உண்மை: கடைசிப் பகா எண் என்று ஒன்று கிடையாது. கையிலுள்ள பகா எண்களையெல்லாம் பெருக்கி 1 கூட்டுங்கள். அவற்றில் எதனால் வகுத்தாலும் 1 மிஞ்சும். ஆகவே கையில் இல்லாத பகா எண் ஒன்று கட்டாயம் உண்டு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே கணிதர் யூக்ளிட் காட்டிய வழி இது. அறியப்பட்டவற்றில் மிகப் பெரியது என்ற சாதனையாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது, 2இன் 136,279,841ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்த எண். அதற்கு 41,024,320 இலக்கங்கள். நொடிக்கு ஓர் இலக்கமாக இராப்பகலாய் எழுதினாலும் ஏறத்தாழ 475 நாள் ஆகும்.

நம்பிக்கை: அத்தனை பெரிய எண்ணை ஒவ்வொன்றாக வகுத்துத்தான் சோதிக்கிறார்கள்.

உண்மை: 2இன் அடுக்கிலிருந்து 1 கழித்த இவ்வகை எண்ணுக்கு லூக்கா–லேமர் சோதனை இருக்கிறது. 31 என்பது 2இன் 5ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தது. 4இல் தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்கி 2 கழித்து, 31ஆல் வகுத்த மீதியை எடுங்கள். முதலில் 14. அடுத்து 194, மீதி 8. அதற்கடுத்து 62, மீதி 0. அடுக்கைவிட இரண்டு குறைவாக, அதாவது மூன்று முறை செய்ததும் 0 வந்துவிட்டது. 31 பகா எண்தான். 2024இன் எண்ணையும் கணினிகள் இதே சோதனையால்தான் உறுதிசெய்தன.

நம்பிக்கை: இந்தச் சாதனை எண்களே வங்கிக் கணக்கைக் காக்கின்றன.

உண்மை: ஊரறிந்த எண் பூட்டுக்குச் சாவியாகாது. இணையப் பாதுகாப்பில் பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ முறைக்குச் சுமார் 300 இலக்கமுள்ள இரண்டு இரகசியப் பகா எண்கள் போதும்.

நம்பிக்கை: பகா எண் விஷயத்தில் கணிதர் இராமானுஜன் தவறியதே இல்லை.

உண்மை: ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்கு 1913இல் கணிதர் ஹார்டிக்கு அவர் எழுதியனுப்பிய சூத்திரம், அவர் நம்பிய அளவுக்குத் துல்லியமாக இல்லை. ஆனால் 1919இல், 1ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே பகா எண் உண்டு என்பதற்கு மிகச் சுருக்கமான நிறுவலை அவரே வெளியிட்டார்.

91ஐப் பகா எண் என்று எழுதிவரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். 91 புளியங்கொட்டைகளைக் கையில் கொடுத்து, வரிசையாக அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.