படைப்பாளரின் உழைப்பும் பதிப்புரிமையும்

நிலத்துக்குப் பட்டா எதற்கு என்று நமது குடியானவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால், எவரிடமும் சம்பளத்துக்கு அமராமல் படம் வரைந்தும், நிழற்படம் எடுத்தும், சேலைக்குப் புதிய உருவம் அமைத்தும் பிழைக்கும் நம் கிராமத்து இளைஞர்கள், தாம் இணையத்தில் இட்ட படைப்பைப் பிறர் எடுத்து விற்கும்போது செய்வதறியாது நிற்கின்றனர். அவர்களுக்கும் சட்டத்தின் காப்பு உண்டு.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பு உருவானதுமே உரிமையும் பிறக்கிறது. பதிவு கட்டாயமன்று, எனினும் பதிவு செய்தால் வழக்கில் அது முதனிலைச் சான்றாகும். எழுத்து, ஓவியம், நிழற்படம் ஆகியவற்றின் உரிமை, படைத்தவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும்.

எனினும் இரண்டு இடங்களில் நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

முதலாவது, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன நிழற்படமும், வரையச் சொன்ன ஓவியமும், மாறான உடன்பாடு இல்லையேல், 17-ஆம் பிரிவின்படி அவர்க்கே உரியனவாகும். ஆதலின் வேலையை ஏற்கும் முன்னரே, உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் கொள்ளுதல் வேண்டும். உரிமையை மாற்றித் தருவதாயினும் கையொப்பமிட்ட எழுத்து அவசியம். அதில் காலம் குறிக்கப்படாவிடில் 5 ஆண்டுகள் என்றே கொள்ளப்படும்.

இரண்டாவது, நெசவுக்கும் அச்சுக்கும் உரிய உருவங்கள். 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதியத்தக்க உருவத்தைப் பதியாமல் விட்டு, உரியவரே 50 படிகளுக்கு மேல் உற்பத்தி செய்தால் பதிப்புரிமை அற்றுப்போகும். பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன் இணையத்தில் காட்டினாலோ, புதுமை நீங்கிப் பதிவுக்கே தகுதி போய்விடும். முதலில் விண்ணப்பம், பின்னர் விளம்பரம் என்பதே முறை.

களவு நேர்ந்தால் செய்யத்தக்கவை யாவை? அந்தப் பக்கத்தைத் தேதியுடனும் முகவரியுடனும் படியெடுத்து வைக்க வேண்டும். மூலக் கோப்பும் முதல் வரைவுகளும் நம்மிடம் இருத்தல் வேண்டும். பின்னர் அப்பக்கத்தைத் தாங்கும் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் முறையிடலாம். முறையீட்டில் நிறைவு கொண்டால், 2013-ஆம் ஆண்டின் விதிகளின்படி, அந்நிறுவனம் 36 மணி நேரத்துக்குள் அதனைத் தடுத்து வைத்தல் வேண்டும். ஆயின் 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை பெற்றுத் தராவிடில் அத்தடை நீங்கிவிடலாம். அறிந்தே உரிமை மீறுவோர்க்குச் சிறைத் தண்டனையும் உண்டு.

மகளிர் குழுக்களும் இளைஞர் மன்றங்களும் இச்செய்திகளைத் தம் கூட்டங்களில் படித்துக் காட்டுவார்களாக. உழைப்பின் பயன் உழைத்தவர்க்கே சேரச் செய்வதும் கிராம வளர்ச்சிப் பணியேயாகும்.