சாடியில் ரோஸ்மேரி வளர்ப்போம்

பிரித்தானியாவுக்குப் புதிதாக வந்த எங்கட ஆட்கள் முதலில் தேடுவது கறிவேப்பிலைக் கன்றைத்தான். வெளியில் வைத்தால் முதல் உறைபனியோடு அதன் கதை முடிந்துவிடும். ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கன்று கொண்டுவரச் சொல்லவும் வேண்டாம். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கன்று கொண்டுவருவது இங்கே சட்டத்துக்கு மாறானது. புகலிட வழக்கு நடக்கிற நேரத்தில் அந்தத் தலையிடி எதற்கு?

ரோஸ்மேரி வைத்துப் பாருங்கள். மத்தியதரைக் கடல் பக்கத்துச் சிறு புதர்ச்செடி இது. சாதாரணக் குளிரைத் தாங்கும், மாரியிலும் இலை கொட்டாது. ஆட்டிறைச்சிக்கும் உருளைக்கிழங்குப் பிரட்டலுக்கும் நல்ல வாசம். (கறிவேப்பிலைக்கு ஈடாகாதுதான்.)

காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. அயலவர் வீட்டில் நின்றால் கேட்டு வாங்குங்கள். ஓகஸ்ட் மாதமளவில், பூக்காத இளங்கிளைகளை 10 முதல் 15 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு ஈரமண்ணில் ஊன்றுங்கள். எல்லாம் பிடிக்காது, நாலைந்தாக ஊன்றுவது நல்லது. வேர் பிடித்த பிறகு 25 சென்ரிமீற்றர் அகலச் சாடிக்கு மாற்றலாம். அடியில் ஓட்டை போட்ட பழைய வாளியும் போதும். மூன்று பங்கு கொம்போஸ்ட், ஒரு பங்கு பொடிக்கல். நல்ல வெயில் படுகிற இடமாகப் பாருங்கள்.

பலருடைய செடி சாவது குளிரால் அல்ல, தண்ணீரால். ஊர்ப் பழக்கத்தில் காலையும் மாலையும் ஊற்றிவிடுகிறோம். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மாரியில் பெரும்பாலும் மழையே போதும். அடியில் தட்டு வைக்காமல், சாடியை இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். சமையலுக்கு வெட்டும்போது பச்சை நுனியை மட்டும் வெட்டுங்கள். இலையில்லாத பழங்கட்டை திரும்பத் துளிர்ப்பது அரிது.

வைக்கும் இடத்தை வீட்டுப் பொறுப்பாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். படிக்கட்டிலும் தீ வெளியேறும் வழியிலும் வைக்கவே கூடாது.

வேறு நகரத்துக்கு மாறச் சொல்லிக் கடிதம் வந்தால், சாடியைத் தூக்கிக்கொண்டு போக வசதி இருக்காது. புறப்படும் அன்று நாலு நுனிக் கிளைகளை வெட்டி, ஈரக் கடதாசியில் சுற்றி, பிளாஸ்ரிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஓரிரு நாள் தாங்கும். போய்ச் சேர்ந்ததும் ஊன்றிவிடுங்கள். சாடியை அடுத்து வருகிறவருக்கு விட்டுவிட்டுப் போகலாம்.