தீக்குப் பின் எழுந்த வீடு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அதனால்தானோ என்னவோ, வரலாற்றுப் பாடத்தில் படித்த ஒரு மரவீடு என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில் 1594, 1595 ஆகிய ஈராண்டுகளிலும் பெருந்தீ மூண்டு பல வீடுகள் அழிந்தன. அதன்பின் 1596இல் தாமஸ் ராஜர்ஸ் என்ற இறைச்சி வணிகர் ஹை தெருவில் இவ்வீட்டை எழுப்பினார். டியூடர் கால முறைப்படி ஓக் மரச் சட்டங்களைத் துளையிட்டுப் பொருத்தி, மர ஆணி அறைந்து கட்டிய வீடு. முகப்பில் அவர் பெயரின் முதலெழுத்துகளும் ஆண்டும் செதுக்கப்பட்டுள்ளன.

அவர் மகள் கேதரின் 1605இல் ராபர்ட் ஹார்வர்டை மணந்தார். இவர்களின் மகன் ஜான் ஹார்வர்டு கேம்பிரிட்ஜில் பயின்று, 1637இல் அமெரிக்கா சென்று, மறு ஆண்டே மறைந்தார். தம் சொத்தில் பாதியையும் சுமார் 400 நூல்களையும் அங்கிருந்த புதிய கல்லூரிக்கு விட்டுச் சென்றார். 1639இல் அக்கல்லூரிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதுவே இன்றைய ஹார்வர்டு பல்கலைக்கழகம்!

1764இல் அக்கல்லூரி நூலகம் தீப்பற்றியது. அவர் தந்த நூல்கள் ஏறத்தாழ அனைத்தும் சாம்பலாயின. தாத்தாவின் மரவீடோ நின்றது. எழுத்தாளர் மேரி கொரெல்லியின் தூண்டுதலால், 1909இல் அதை வாங்கிப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தவர் சிகாகோவின் எட்வர்டு மோரிஸ். அவரும் இறைச்சித் தொழிலதிபரே!

நூல்கள் எரிந்தன, ஆனால் அவற்றைப் பெற்ற கல்லூரி வளர்ந்தது. நம் நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுக்கும்போது, யாரோ விட்டுச் சென்றது இது என்று எண்ணிக்கொள்கிறேன்.