காட்டுப்பன்றிக்கு எந்தத் துவக்கு?

கேள்வி: மரவள்ளித் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் நாசமாக்குகின்றன. குறைந்த விலையில் எந்த போல்ட் அக்ஷன் ரைபிளை வாங்கலாம்?
– வாசகர், மடவளை

பதில்: உங்கள் நட்டம் புரிகிறது. வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் ருகர் அமெரிக்கன், சாவேஜ் அக்ஸிஸ் ஆகியவற்றை மலிவும் நம்பகமும் உள்ளவை என்பார்கள். ஆனால் மடவளைக்கு ரைபிளே வேண்டாம் என்பேன். .308 தோட்டா குறி தவறினால் மூன்று கிலோமீற்றருக்கு அப்பாலும் போய் விழும். நம் மலைச்சரிவுகளில் தோட்டத்துக்குக் கீழேயே வீடு, பாதை, பள்ளிக்கூடம். இரவில் சுடுபவருக்கு அதெல்லாம் கண்ணில் படாது.

இங்கே பயிர்ப் பாதுகாப்புக்கு விவசாயிகள் எடுப்பது 12 போர் துவக்குதான். அதன் குண்டுகள் சில நூறு மீற்றரில் வேகமிழந்துவிடும். பன்றியை முப்பது, நாற்பது மீற்றருக்குள் வரவிட்டே சுடவேண்டும். அப்போதும் பின்னால் மண்மேடு இருப்பது அவசியம். ஈயக்குண்டு அருகில் நிற்கும் ஆளையும் கொல்லும்.

1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி எந்தத் துவக்கும் வைத்திருக்க முடியாது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். காசு கொடுக்குமுன் காணி உறுதியோடு கிராம உத்தியோகத்தரைக் கண்டு, கண்டி கச்சேரியில் விசாரியுங்கள். யாராவது மலிவாகக் கட்டுத்துவக்கு வைத்துத் தருவதாகச் சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். அது பன்றியையும் விறகு பொறுக்க வரும் பிள்ளையையும் பிரித்தறியாது.